காற்றில் கிழியாத பேனர்

கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் வரை அன்புராஜின் கையால் வெளுக்காத முகம் அபூர்வம். பதினெட்டு வருடமாக ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைப்பவர். காதுகுத்து, கல்யாணம், கட்சி, கண்ணீர் அஞ்சலி என்று மனிதனுக்கு நேரக்கூடிய அத்தனையையும் பத்துக்கு எட்டு அடியில் அடக்கியவர். துபாயில் கிரேன் ஓட்டும் ஒரு மருமகனை ஆரம்பாக்கம் தீமிதி பேனரில் மாமனார் தோள்மேல் கைபோட்டு நிற்க வைத்தார். நிஜத்தில் அவர்கள் பேச்சை நிறுத்தி வருடக்கணக்காகியிருந்தது. பேனரைப் பார்த்துவிட்டு இருவரும் சேர்ந்து அன்புராஜிடம் சண்டைக்கு வந்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒற்றுமை திரும்பியது அப்படித்தான்.

பேனரில் யார் தலை எங்கே வரவேண்டும் என்பது அரசியல் சட்டத்தைவிடச் சிக்கலானது, திருத்தங்களும் அதிகம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கோப்பு சேமிக்க வேண்டும், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி ஃப்ளெக்ஸ் கடைகளில் இதற்கு ஒரு மரபு உண்டு. வாடிக்கையாளரின் பெயர், அவரால் பட்ட பாடு, பிறகு எத்தனையாவது ‘ஃபைனல்’. ‘செல்வம் மாமனார் கோபம் ஃபைனல் மூணு.’ ‘ரியல் எஸ்டேட் மூக்கு சின்னது ஃபைனல் ஃபைனல்.’ வாடிக்கையாளர் கண்ணில் படப்போவதில்லை என்பதால் தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் கருத்துச் சுதந்திரத்தில் பாதி அந்தக் கோப்புப் பெயர்களில்தான் வாழ்கிறது.

சாலையோர பேனர்களுக்குக் கெடுபிடி வந்தபோது அன்புராஜ் கலங்கவில்லை. கடைப் பலகையில் ‘ஃப்ளெக்ஸ்’ என்ற சொல்லின் மேல் ‘வெப்சைட்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். இணையத்தில் சில வீடியோக்கள் பார்த்தார். அவற்றில் பாதி இந்தி. அவர் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: வெப்சைட் என்பது காற்றில் கிழியாத பேனர். முனிசிபாலிட்டி வந்து அவிழ்த்துக்கொண்டு போகாது.

முதல் வாடிக்கையாளர் மாடியிலேயே இருந்தார்.

அன்புராஜின் கடை இருந்த கட்டடத்தின் மேல் இரண்டு தளங்களிலும் பெண்கள் விடுதி நடத்தினார் ஈஸ்வரி. கணவர் போனபின் அதுதான் பிழைப்பு. கட்டடமோ கணவரின் அண்ணன் குப்புராஜின் பெயரில் இருந்தது. குப்புராஜ் ஆரம்பாக்கத்தில் நெல் நிலம் வைத்திருப்பவர். நெல்லைவிட இரும்பு சீக்கிரம் விளைகிறது என்பதை சிப்காட் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து கவனித்து வருபவர். பழைய இரும்பு வியாபாரி சரவணகுமார் அந்தக் கட்டடத்தைக் குடோனுக்குக் கேட்டிருந்தார். தீபாவளிக்கு வந்த குப்புராஜ், காலி அறைகளை எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“தபாரு ஈஸ்வரி, பொங்கலுக்குள்ள ரூமு ரொம்பிச்சின்னா நீ நடத்து. இல்லாங்காட்டி சரவணகுமாருக்கு உட்டுடுவேன். அப்புறம் அழுதுகினு வந்து நிக்கக் கூடாது.”

விடுதி போனால் கீழே இருக்கும் கடையும் போகும் என்பது அன்புராஜுக்குத் தனியாகச் சொல்லப்படவில்லை. அவராகவே புரிந்துகொண்டார். குப்புராஜ் போனதும் ஈஸ்வரி படியிறங்கிக் கடைக்குள் வந்தார்.

“அன்பு, அவனவன் வெப்சைட்டு வெச்சிக்கீறான். எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. பாக்கறவங்க அப்டியே நின்னுடணும்.”

“எத்தினி அடிக்கு எத்தினி அடிக்கா?” பழக்கதோஷத்தில் கேட்டார் அன்புராஜ்.

“போன்ல எவ்ளோ புடிக்கும்?”

“எவ்ளோ வேணாலும் புடிக்கும். ஆகாசம் மாரி.”

ஆகாசத்தை நிரப்பும் வேலை தொடங்கியது. நடுவில் இரு கை கூப்பிய குப்புராஜ், ‘நிறுவனர்’ என்ற பட்டத்தோடு. அவர் அந்த விடுதிக்குச் செய்த ஒரே காரியம் அதை மூடப் பார்ப்பதுதான் என்றாலும், அவரைப் போடாவிட்டால் பொங்கல் வரைகூடத் தாங்காது என்று ஈஸ்வரி கணக்கிட்டார். பிறகு குப்புராஜின் மகன்கள் இருவர், மறைந்த கணவர், மூன்று தாய்மாமன்கள், மேலே மூன்று சாமிகள், ஓரத்தில் ஒரு மயில். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. எழுத்து, எண், முகவரி எல்லாம் படத்துக்குள்ளேயே, பேனரில் இருப்பது போல.

“மயில எடுத்துடு அன்பு.”

எடுத்தார்.

“இல்ல, இருக்கட்டும். ரெண்டா போடு.”

ஒன்பதாவது திருத்தத்தில் அன்புராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ‘ஈஸ்வரி டார்ச்சர் ஃபைனல் ஃபைனல் ஒன்பது’ என்று பெயரிட்டுச் சேமித்து, அந்த ஒற்றைப் படத்தை அப்படியே வெப்சைட்டாக ஏற்றினார். பேனரின் வலது கீழ்மூலையில் வடிவமைத்தவரின் பெயரும் எண்ணும் பொடி எழுத்தில் வரும் வழக்கத்தை மட்டும் விடமுடியவில்லை. படத்துக்குக் கீழே ‘வடிவமைப்பு: அன்பு கிராஃபிக்ஸ்’ என்று எண்ணோடு தட்டச்சு செய்தார்.

ஈஸ்வரி அதன் இணைப்பைத் தினமும் குட்மார்னிங் செய்திகளோடு ஊருக்கெல்லாம் அனுப்பினார். வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பினார். யாரும் வரவில்லை. ஸ்ரீகாகுளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெண்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கி, போனைப் பார்த்து வேறு விடுதிகளுக்கு நடந்தார்கள். ஈஸ்வரியின் விடுதியில் ஏற்கெனவே இருந்த ஒடிசாப் பெண் ஒருத்தி பொன்னேரியில் ரயில் ஏறும்போது இணைப்பைத் தட்டினாளாம். கவரைப்பேட்டையில் சாமிகள் தெரிந்தார்களாம். குப்புராஜின் மூக்கு வருவதற்குள் கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது. வந்தவர்களுக்கும் முகவரி உதவவில்லை. ‘பழைய டூரிங் கொட்டாய் எதிரில்’ என்று போட்டிருந்தது. அந்தக் கொட்டாயை இடித்துப் பல வருடமாகிறது. அது எங்கே இருந்தது என்பதில் உள்ளூர்க்காரர்களுக்கே இரண்டு கருத்து.

கார்த்திகை பிறந்ததும் அன்புராஜின் போன் அடித்தது. கையில் மவுஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். சாம்பாருக்குப் பெருங்காயம் வாங்கிக்கொண்டு வந்த ஈஸ்வரி வாசலில் நின்றிருந்தார்.

“ஹலோ, ஈஸ்வரி டார்ச்சர் ஃபைனல் ஃபைனல் ஒன்பதுங்களா?” ஒரு பெண் குரல், சர்வசாதாரணமாக.

அன்புராஜ் ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தார். பதற்றத்தில் சத்தம்தான் கூடியது.

“யா... யாரும்மா?”

“என் பேர் ஸ்ரீவாணி. திருவள்ளூர். உங்க ஊர் சிப்காட்ல ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல சேர்ந்திருக்கேன். ஹாஸ்டல் தேடறேன்னு ஆபீஸ்ல இந்த லிங்க் குடுத்தா. எனக்குக் கண் தெரியாது, ஸ்க்ரீன்ல இருக்கற எழுத்தை போன் படிச்சுச் சொல்லும். உங்க பக்கத்தைத் திறந்தா அது சொல்றது ரெண்டே விஷயம். ஒண்ணு, ஈஸ்வரி டார்ச்சர் ஃபைனல் ஃபைனல் ஒன்பது. ரெண்டு, உங்க கடை பேரும் நம்பரும். இது ஹாஸ்டலா, டிவி சீரியலா சார்?”

ஈஸ்வரி உள்ளே வந்தார். “டார்ச்சரா? யாரு அன்பு டார்ச்சரு?”

“அது... தொழில்ல அப்டி சொல்றதுக்கா. படத்துக்கு விளக்கம் எழுதலன்னா போனு கோப்போட பேர படிச்சிடும் போல. எனக்கு இன்னா தெரியும்?”

“ஒம்போது வாட்டி மாத்தச் சொன்னா டார்ச்சரா? மயிலு உனக்குப் புடிச்சிதுன்னுதான ரெண்டா போடச் சொன்னேன்?” என்றவர், சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் போனைப் பிடுங்கினார். “யம்மா, நான்தான் அந்த டார்ச்சரு. ரூம் காலியா கீது. எப்ப வர்ற?”

ஸ்ரீவாணி சிரித்தார். உடனே வருவதற்கு அவருக்கும் காரணம் இருந்தது. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலில் போக, சென்னைவரை போய் வண்டி மாறித் திரும்பி வர வேண்டும். இரண்டு பாதைகளும் வேறெங்கும் சந்திப்பதில்லை. சொந்த மாவட்டத்தைச் சுற்றிவந்தே அவர் களைத்திருந்தார்.

“நான் இன்னிக்கே வருவேன். அப்பா ஒத்துக்கணுமே. அவர்கிட்ட பக்கத்தைக் காட்டினேன். கோயில்ல கைங்கர்யம் பண்றவர், நெறையப் பேரைப் பாத்தவர். அவரே பயந்துட்டார். ‘இத்தனை ஆம்பளைகள் இருக்கற இடம் எப்படிம்மா லேடீஸ் ஹாஸ்டல்?’ங்கறார்.”

அன்புராஜ் திரையைப் பார்த்தார். பதினெட்டு வருட அனுபவத்தில் முதல்முறையாக ஒரு படத்தை நிஜமாகவே பார்த்தார். சாமிகளில் ஒரு அம்மனையும் இரண்டு மயில்களையும் கழித்தால் மிச்சம் எல்லாம் மீசை. கண் தெரியாதவருக்கு அது சித்திரவதைக் கூடம். தெரிந்தவருக்கு ஆண்கள் விடுதி. கூகுளில் விடுதியின் பெயரைப் போட்டுத் தேடினால் சென்னை விடுதிகளாக வந்தன. சந்தேகத்தில் ‘ஈஸ்வரி டார்ச்சர்’ என்று அடித்தார். அவர் செய்த பக்கம்தான் முதலில் வந்தது.

இரண்டாவது வெப்சைட்டை அவர் பயபக்தியோடு செய்தார். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதினால் போன் அதைப் படிக்கும் என்று தெரிந்துகொண்டு, படத்தை முகம் முகமாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் எழுத உட்கார்ந்தார். செய்தி ஆரம்பாக்கத்துக்கு எட்டியது. அடுத்த நாளே குப்புராஜ் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னா நைனா, என்னப் பத்தி ஏதோ எழுதிக்கினு கீறியாமே. படி, கேப்போம்.”

அன்புராஜ் படித்தார். “‘வெள்ளைச் சட்டை அணிந்த வயதானவர் கைகூப்பி நிற்கிறார்.’”

“வயசானவரா? கண்ணு தெரியாத பொண்ணு கைல போயி எதுக்கு அத சொல்ற? அதுக்கு இன்னா தெரியப் போவுது? ‘கம்பீரமான’ன்னு போடு.”

“கம்பீரமான வயதானவர்...”

“யோவ்!”

இறுதியில் குப்புராஜ் ‘ஆரம்பாக்கத்தின் அணையா விளக்கு, ஏரிப்பாசனத்தின் ஏந்தல், இளமை மாறா இதயம், அண்ணன்’ ஆனார். தந்தைக்கு இவ்வளவு என்றால் மகன்களை வெறும் பெயரோடு விடமுடியுமா? தாய்மாமன்களும் போனில் தங்கள் விளக்கங்களைச் சொன்னார்கள். காலஞ்சென்றவர் மட்டும் ஒரு வரியோடு திருப்தியடைந்தார்.

அன்புராஜ் ஸ்ரீவாணிக்கு அனுப்பி, கேட்டுப் பார்க்கச் சொன்னார். மறுநாள் காலையில் ரயிலிலிருந்தே போன் செய்தார்.

“சார், குப்புராஜ் யாரு?”

“ஓனரும்மா.”

“அவர் எப்ப முடிவார்? பேசின் பிரிட்ஜ்ல கேக்க ஆரம்பிச்சேன். எண்ணூர் தாண்டிடுத்து, இப்பதான் ரெண்டாவது பையன் வரார். அடுத்தது மயில்ங்கறது. நம்பர் இன்னும் வரலை. ஹாஸ்டலுக்குப் போன் பண்ணணும்னா எத்தனை பேருக்கு நமஸ்காரம் பண்ணணும்?”

“போட்டோவ எடுத்தா அவுரு ஊட்டையே எடுத்துடுவாரும்மா. மூஞ்சி இருந்தே ஆவணும்.”

“இருக்கட்டும். என் காதுல ஏன் இருக்கணும்?”

அன்புராஜ் பக்கம் பக்கமாகத் தேடினார். படத்துக்கு விளக்கம் எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே, இத்தனை நாளும் அவர் கண்ணில் படாத ஒரு சிறு கட்டம் இருந்தது. ‘அலங்காரம் மட்டும்’. அதில் ஒரு டிக் போட்டால் வாசிக்கும் கருவி அந்தப் படத்தைப் பேசாமல் தாண்டிப் போய்விடும். குப்புராஜுக்கு டிக். மகன்களுக்கு டிக். தாய்மாமன், மயில், எல்லோருக்கும் டிக். திருவள்ளூரில் பெருமாள் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்பது நம்பிக்கை. இங்கே குப்புராஜ் நின்றுகொண்டிருக்கிறார். அவர் இருப்பதே கேட்பவருக்குத் தெரியாது. இருந்தும் இல்லாமலிருக்கும் இந்த நிலைக்கு ஞானிகள் படாத பாடு பட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது வெப்சைட்டில் முகங்கள் அடிவாரத்துக்குப் போயின. மேலே, படமாக இல்லாமல் நிஜ எழுத்தாக, வருகிறவர்கள் கேட்பது மட்டும் வந்தது. இடம் எங்கே, அறையில் எத்தனை பேர், நைட் ஷிப்ட் முடித்து வருபவர்களுக்குக் கதவு திறப்பார்களா, தொட்டால் அழைப்பு போகும் எண். பூண்டு போடாத சாப்பாடு தனியாக உண்டு என்பது ஸ்ரீவாணியின் அப்பா அனந்தபத்மநாபனுக்காகச் சேர்ந்தது. ‘டார்ச்சர்’ பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை; பூண்டு பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தமிழுக்குக் கீழே தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதே விவரம். தெலுங்கை அன்புராஜே எழுதினார், ஆந்திர எல்லைக்காரர் அல்லவா. ஸ்ரீகாகுளத்துப் பெண் ஒருத்தி வந்து முக்கால்வாசியைத் திருத்தினாள்.

முகவரிக்குத்தான் ஈஸ்வரியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

“கொட்டாய் எதிர்லன்னே போடு. அதான் எல்லாருக்கும் தெரியும்.”

“கொட்டாயே இல்லியேக்கா.”

போனில் ஸ்ரீவாணி குறுக்கிட்டார். “எதிர்லன்னு எதையும் போடாதீங்கோ. எதிர்ல எது இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். ஸ்டேஷன்லேர்ந்து எந்தப் பக்கம் திரும்பணும், வழியில என்ன சத்தம் கேக்கும், அதைச் சொல்லுங்கோ.”

ஈஸ்வரி தன் வீட்டுக்கு வரும் வழியைக் காதால் யோசித்தது அதுதான் முதல்முறை. ஸ்டேஷன் படி இறங்கி இடது கை. டீக்கடைப் பாட்டு. அப்புறம் மாவு மில் சத்தம். சத்தம் நின்ற இடத்தில் இரும்பு கேட். இப்படி எழுதியது, கண் நன்றாகத் தெரிந்தும் ஊர் தெரியாத ஒடிசாப் பெண்களுக்கும் சரியாக இருந்தது.

முடிந்த பக்கத்தை ஈஸ்வரி போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “இன்னா அன்பு, எழவு சேதி மாரி வெள்ளையா கீது?”

“வெள்ளையா கீறதாலதான்கா படிக்க முடியுது.”

“வெப்சைட்டு படிக்கறதுக்கா?”

குப்புராஜும் சும்மா இருக்கவில்லை. முகம் கீழே போனதற்கு நஷ்டஈடாகத் தன் வாசகம் ஒன்று வேண்டுமென்றார். அவரே சொன்னார், அன்புராஜ் தட்டச்சு செய்தார்: ‘பெண்களின் பாதுகாப்பே என் மூச்சு. நிறுவனர், ஆரம்பாக்கம் குப்புராஜ்.’ படமாக இல்லாமல் நல்ல சுத்தமான எழுத்தில், கூகுளுக்கு எட்டும்படி.

அறைகள் நிரம்பத் தொடங்கின. ஸ்ரீவாணி முதலில் வந்து மாடியில் காற்று வரும் அறையாகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவர் கம்பெனியிலிருந்து சிலர், ரயிலிலிருந்து நேரே சிலர். ‘கும்மிடிப்பூண்டி லேடீஸ் ஹாஸ்டல்’ என்று யார் எந்த மொழியில் போனிடம் கேட்டாலும் ஈஸ்வரியின் எண் வந்தது. ஆனால் மார்கழி முடியும்போதும் கடைசித் தளத்தில் மூன்று அறை காலி. குப்புராஜ் சொன்னது ‘ரொம்பணும்’. ‘கொஞ்சம் ரொம்பணும்’ அல்ல. போகிக்கு முந்தின நாள் அவர் சரவணகுமாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஈஸ்வரி கரண்டியோடு கீழே இறங்கி வந்து நின்றார். அன்புராஜ் கடையில் எதைக் கழற்றிக்கொண்டு போக முடியும் என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

“சொல்லு சரவணா, எப்ப லோடு எறக்கற?” என்றார் குப்புராஜ்.

சரவணகுமார் காலைத் தேய்த்தார். “அண்ணா, தப்பா நெனக்காத. அக்ரிமெண்டு எழுதறதுக்கு முன்னால உன் பேர போன்ல போட்டுப் பாத்தேன். பார்ட்டி பேர்ல கேசு கீசு கீதான்னு பாக்கறது வழக்கம்.”

“பாத்து?”

“பெண்களின் பாதுகாப்பே உன் மூச்சாமே.”

குப்புராஜ் நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த நொடி, நிமிர்த்தியது தப்போ என்று அவர் முகத்தில் ஓடியது.

“என் பொண்டாட்டியும் பக்கத்துல கீறா, பாத்துட்டா. மகளிர் குழுத் தலைவிண்ணா அவ. ‘அந்த மகராசன் பொம்பளப் புள்ளைங்களுக்கு ஊடு குடுத்துக்கீறாரு, நீ அதுங்கள வெளிய தள்ளிட்டு இரும்பு கொட்டப் போறியா’ன்னு காலைல நாஷ்டா வெக்கல. எனக்கு பேஜாரு வேணாண்ணா. நான் கவரைப்பேட்டைல எடம் பாத்துக்கறேன்.”

சரவணகுமார் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். குப்புராஜ் மெதுவாக அன்புராஜ் பக்கம் திரும்பினார்.

“அத எடு முதல்ல.”

“எடுத்துடறேண்ணா. இப்பவே எடுக்கறேன்.” அன்புராஜ் மவுஸைத் தொட்டார். “ஆனா ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்களே. ஸ்கூல்ல மகளிர் தினத்துக்கு உங்கள சிறப்பு விருந்தினரா கூப்ட்டுக்கீறாங்கன்னு உங்க சின்னப் பையன்தான் சொன்னான். கூப்ட்டவங்க வந்து தேடுனா...”

குப்புராஜ் யோசித்தார். சால்வை ஒருபக்கம், இரும்பு ஒருபக்கம். இரும்புக்காரர் ஏற்கெனவே போய்விட்டார்.

“இருக்கட்டும்,” என்றார் கடைசியில். “நடத்தச் சொல்லு ஹாஸ்டல. நான் எப்பவாச்சும் வாணான்னு சொன்னேனா?”

அவர் அப்படிச் சொன்ன தேதியை ஈஸ்வரி சொல்லிக்காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. கரண்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு, தேன் ஒழுகும் குரலில் ஆரம்பித்தார்.

“மாமா, மேல் மாடில தண்ணி டேங்கு ஒழுவுது. அதான் அந்த மூணு ரூமு காலியா கீது. பாதுகாப்பே மூச்சுன்னு போட்டுக்கீறீங்க, கொஞ்சம் பாத்து ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா அதுவும் ரொம்பிடும்.”

மறுக்க வழியில்லாமல் குப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார். மேலிருந்து ஸ்ரீகாகுளத்துப் பெண், தலையில் துண்டோடு, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தாள்.

“அங்கிள், அங்கிள்! ஜென்ட்ஸ் மேல வரக்கூடாது.”

“நான்தாம்மா நிறுவனர்!”

“யாரா இருந்தாலும் வரக்கூடாது.”

குப்புராஜ் இறங்கி வந்து அன்புராஜின் கடை நாற்காலியில் உட்கார்ந்தார். டேங்கை ஈஸ்வரி மேலே போய்ப் பார்த்துவிட்டு, எங்கே விரிசல் என்று அங்கிருந்தே கத்திச் சொல்ல, கீழேயிருந்து அவர் பிளம்பருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.